பதினேழு முறை சொன்ன பெயர்

"செத்துப்போன பொண்ணு போன் பண்றாளாம்" என்று சொல்லிவிட்டு, டெல்ஃபின் மார்ச்செட்டி தன் காலணிகளைக் குனிந்து பார்த்தாள்.

பிலடெல்பியாவின் நடைபாதைகளுக்காக வாங்கிய காலணிகள். மொன்டானாவின் நவம்பர் பனி அவற்றை ஒரே நாளில் நமத்துப்போன அப்பளமாக்கியிருந்தது.

"மேல சிக்னல் நல்லா கிடைக்குது போல" என்றான் ரெமி டிலோர்ம். "நம்ம ஹார்லோ ஃபோர்க்லதான் கிடைக்க மாட்டேங்குது."

"ரெமி" என்றாள் வெர்னா ஹால்வர்சன். அவ்வளவுதான் சொன்னாள். அவன் வாயை மூடிக்கொண்டு காபி ஊற்றப் போனான்.

டயர் கடைக்கு மேலே இருந்த அந்த ஒற்றை அறைதான் வெர்னாவின் துப்பறியும் அலுவலகம். இருபத்தாறு வருடம் மாவட்ட நீதிமன்றத்தில் சுருக்கெழுத்தாளராக உட்கார்ந்து, மற்றவர்கள் சொன்னதையெல்லாம் தட்டச்சு செய்தவள் அவள். யார் என்ன சொன்னார்கள் என்பதைவிட, யார் எந்த இடத்தில் அரை நொடி தயங்கினார்கள் என்பதைத்தான் அவள் காது முதலில் பிடிக்கும். ரெமி முன்பு பள்ளிப் பேருந்து ஓட்டியவன். நாற்பது வயது. எண்பது மைல் சுற்றளவில் எந்தச் சாலை எப்போது பனியில் மூடும் என்பதும், எந்தக் கடையில் எந்தப் பலகாரம் எத்தனை மணிக்குத் தீரும் என்பதும் அவனுக்கு மனப்பாடம்.

"முதல்லேருந்து சொல்லுங்க" என்றாள் வெர்னா.

டெல்ஃபின் சொன்னாள். இரண்டு வருடத்துக்கு முன், பிப்ரவரியில், பெல்டர் ரிட்ஜ் மனநல மையத்தில் ட்ரினா கோல்பர்ன் என்கிற முப்பத்திரண்டு வயதுப் பெண், சேர்ந்த ஒன்பதாம் நாள் காலையில் படுக்கையிலேயே இறந்து கிடந்தாள். ஃப்ளோரிடாவில் இருக்கும் அவள் அம்மா ஐரீன், மையத்தின் மேல் வழக்குப் போட்டாள். ஊர் வக்கீல் ஆர்லன் ஸ்டென்ஸ்ருட் வழக்கை எடுத்தார். அவருக்கு எழுபத்து நாலு வயது, இதயத்தில் இரண்டு அடைப்பு. எதிர்த்தரப்பில் எட்டு வக்கீல்கள். அதனால்தான் பிலடெல்பியா வக்கீல் டெல்ஃபினைக் கூப்பிட்டார்கள். இதே மாதிரி மையங்களோடு மூன்று மாநிலங்களில் மல்லுக்கட்டியவள் அவள்.

"ஆனா இந்த மாநிலத்துல எனக்கு உரிமம் கிடையாது. இந்த ஒரு கேஸுக்கு மட்டும் ஆஜராக நீதிபதி அனுமதி தரணும். ஸ்டென்ஸ்ருட் பக்கத்துல உக்காந்து எனக்கு ஜாமீன் மாதிரி கையெழுத்து போடணும். திங்கட்கிழமை ஒன்பது மணிக்கு விசாரணை."

"அதுக்கும் போனுக்கும் என்ன சம்பந்தம்?"

"நாலு மாசமா ஐரீனுக்கு ஞாயித்துக்கிழமை மத்தியானம் ஒரு போன் வருது. முதல் தடவை ஒரு பொண்ணு குரல், 'மாம், பட்டன் பேசறேன்'னு சொல்லிச்சாம். பட்டன்கறது ட்ரினாவோட செல்லப்பேர். வீட்டுக்கு வெளியில யாருக்கும் தெரியாது. ஐரீன் கதறிட்டு போனை வச்சுட்டாங்க. அதுக்கப்புறம் வர்ற அழைப்புல பேச்சே இல்ல. மூச்சு மட்டும்தான். பின்னாடி ஏதோ உருள்ற சத்தம்." டெல்ஃபின் நெற்றியைத் தேய்த்துக்கொண்டாள். "இதை அவங்க, எதிர்த்தரப்பு பரிசோதனைக்கு அனுப்பின டாக்டர்கிட்டயே சொல்லிட்டாங்க. திங்கட்கிழமை அந்த வக்கீல் எழுந்து, 'செத்தவளோட பேசற அம்மா, எங்கிருந்தோ வந்த வக்கீல், இதான் கேஸ்'னு சிரிப்பான். அதுக்கு முன்னாடி யார் போன் பண்றாங்கன்னு எனக்குத் தெரியணும்."

"நம்பர்?"

"கடைசியா வந்ததை ஐரீன் குறிச்சு வச்சிருக்காங்க."

வெர்னா சுழற்றினாள். நான்காவது மணியில் ஒரு கிழட்டுப் பெண்குரல் கத்தியது. "மால்ட்பி சலவைக் கடை! மூணாம் நம்பர் ட்ரையர் ரிப்பேர், நாணயம் போட்டா திரும்ப வராது!"

"ஞாயித்துக்கிழமை உங்க கடையில யாரும்மா இருப்பாங்க?"

"யாரு இருப்பா? ஷெல்பிதான். ஷெல்பி வேட். நல்ல பொண்ணு, வாயே திறக்க மாட்டா. ஏன், துணி ஏதும் மாறிப்போச்சா?"

வெர்னா நன்றி சொல்லி வைத்தாள். டெல்ஃபினின் முகம் மாறியிருந்தது.

"ஷெல்பி வேட்தான் ட்ரினாவோட அறைத்தோழி" என்றாள் அவள். "அந்த அறையில அன்னிக்கு இருந்த ஒரே சாட்சி. ஆனா கூண்டுல ஏத்தவே முடியாது. நீதிபதி உத்தரவு போட்டு அவ கோப்பை வாங்கினோம். எதிர்த்தரப்பு சந்தோஷமா தூக்கிக் குடுத்தாங்க. ஏன்னு படிச்சா தெரியும்."

"ஏன்?"

"ட்ரினா செத்த நாள்லேருந்து, தான்தான் ட்ரினான்னு சொல்லிட்டிருந்தவ அவ."

காபிக் கோப்பையோடு வந்த ரெமி அப்படியே நின்றான்.

* * *

மறுநாள் காலை பத்து மணி. வானமும் நிலமும் ஒரே வெள்ளை. நடுவில் சாலை என்று ஒன்று இருப்பதாக நம்பி ரெமி பிக்கப் வண்டியை ஓட்டிக்கொண்டிருந்தான். வெர்னாவின் மடியில் முந்நூற்றுப் பன்னிரண்டு பக்கக் கோப்பு.

"சத்தமா படிங்க பாஸ். ரேடியோ வேற எடுக்கல."

"'பெயர் ஷெல்பி வேட். பிறந்தது ஓக்லஹோமா. ஏழு வளர்ப்பு வீடுகள். நெருங்கிய உறவு: இல்லை. புகைப்படம்: கேமரா பழுது, பின்னர் எடுக்கப்படும்.' பின்னர் எடுக்கவே இல்ல. 'உடைமைகள்: ஒரு கம்பளிச் சட்டை, கனமான மூக்குக்கண்ணாடி ஒன்று. கண்ணாடி இல்லாமல் படி இறங்க உதவி தேவை.'"

"பாவம். அப்புறம்?"

"பதினோரு நாள் ஒண்ணுமில்ல. சாப்பிட்டா, தூங்கினா, இருமினா. பிப்ரவரி பன்னிரண்டு, ட்ரினா செத்த நாள். 'அறைத்தோழியின் மரணத்தால் அதிர்ச்சி. தன் பெயர் ட்ரினா என்கிறார்.' பதிமூணு. 'மீண்டும் அதே பிரமை. மருந்து கூட்டப்பட்டது.' பதினாலு. 'அம்மாவைக் கூப்பிடு என்று கத்தினார். பட்டன், பட்டன் என்று பொருளற்ற சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்கிறார்.'"

ரெமி விசில் அடித்தான். "அப்போ விஷயம் தெளிவு. ஒன்பது நாள் ஒரே அறை. வீட்டு ஏக்கத்துல ட்ரினா தன் செல்லப்பேரைச் சொல்லியிருப்பா. இவளுக்கு அம்மான்னு யாருமில்ல. செத்தவளோட அம்மாவைக் கடன் வாங்கிக்கிட்டா."

"இருக்கலாம்."

"உங்க 'இருக்கலாம்'னா 'போடா முட்டாள்'னு அர்த்தம். எனக்குத் தெரியாதா?"

வெர்னா பென்சிலால் ஓரத்தில் கோடு போட்டுக்கொண்டே வந்தாள். "பதினேழு தடவை சொல்லியிருக்கா, ரெமி. பதினேழு தடவையும் மருந்தைக் கூட்டியிருக்காங்க. நடுவுல வேற புகாரும் இருக்கு. 'கண்ணாடி அணிய மறுக்கிறார், தலை சுற்றுகிறதாம். ஒத்துழைப்பு இல்லை.' 'குளிக்க மறுக்கிறார்.' 'கைப்பட்டையைப் பிய்க்கிறார்.' அப்புறம், ட்ரினா செத்து நாற்பத்தொண்ணாம் நாள், ஒரே வரி. 'தான் ஷெல்பி என்று ஒப்புக்கொண்டார். நல்ல முன்னேற்றம். வீட்டுக்கு அனுப்பலாம்.'"

"குணமாயிட்டா."

"ம்."

அதற்குப் பின் இருபது மைல் அவள் கோப்பின் முதல் பக்கத்தில் ஒரு விரலையும், நடுவில் எங்கோ இன்னொரு விரலையும் வைத்துக்கொண்டு ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தாள். ரெமி இரண்டு முறை திரும்பிப் பார்த்துவிட்டு வண்டியை ஓட்டினான்.

* * *

மால்ட்பியில் ஒரே தெரு. சலவைக் கடைக்குள் வெதுவெதுப்பும் சோப்பு வாசனையும். துணி உலர்த்தும் ட்ரையர்கள் ஆறு உருண்டுகொண்டிருந்தன. சுவரில் பழைய காசு போன். நீளமான மேசையில் ஒரு பெண் மருத்துவமனைப் போர்வைகள் மாதிரி விளிம்பு பிசகாமல் துணி மடித்துக்கொண்டிருந்தாள். குட்டையாக வெட்டிய பழுப்பு முடி. ஸ்வெட்டரின் கைகளை விரல் வரை இழுத்துவிட்டிருந்தாள்.

"ஷெல்பி?" என்றாள் வெர்னா.

அரை நொடி.

"ஆமா."

வெர்னாவின் காது அந்த அரை நொடியை எடுத்து வைத்துக்கொண்டது. "நான் வெர்னா. ஐரீன் கோல்பர்னோட வக்கீலுக்கு வேலை செய்யறேன். சண்டை போட வரல. அந்த போனைப் பத்திக் கேக்கணும்."

அந்தப் பெண்ணின் கை நிற்கவில்லை. ஆனால் மடிப்பு ஒன்று கோணியது. "இனிமே பண்ண மாட்டேன். தப்புதான். அவங்ககிட்ட சொல்லிடுங்க."

"ஏன் பண்ணீங்க?"

"குரல் கேக்கணும்னு தோணிச்சு. அவ்வளவுதான்."

"யாரோ ஒருத்தியோட அம்மா குரலா?"

ட்ரையர்கள் உருண்டன. சங்கடத்தைப் போக்க ரெமி ஒரு படுக்கை விரிப்பை எடுத்து மடிக்க ஆரம்பித்தான். அது அவன் கையில் பாம்பு மாதிரி சுருண்டது.

"பாஸ், இந்த விரிப்பு என்னை ஜெயிக்கறதுக்குள்ள சாப்பிட்டு வந்துடலாமா? எதிர்ல ஹோட்டல்ல நெஃப்லா சூப்புக்கு ஊரே வரிசையில நிக்கும். கிழங்கும் மாவுருண்டையும், ஆஹா!"

அந்தப் பெண் முதல் முறையாக லேசாகச் சிரித்தாள். தலையை நிமிர்த்தி, ஆவி படிந்த கண்ணாடிக் கதவு வழியே தெருவுக்கு அந்தப் பக்கம் ஒரு பார்வை. "நெஃப்லா தீர்ந்துடுச்சு. பலகையில அடிச்சுட்டாங்க. தக்காளி சூப்தான் இருக்கு. கீழ இனிப்புப் பலகாரம் எழுதியிருக்கு, ருபார்ப் பை."

வெர்னா திரும்பினாள். அகலமான தெரு, பறக்கிற பனி, அதற்கப்பால் ஹோட்டல் ஜன்னலில் ஒரு கரும்பலகை. தன் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு பார்த்தாள். வெள்ளையாக ஏதோ கிறுக்கல் என்பது வரைக்கும்தான் தெரிந்தது.

அவள் மெதுவாகத் திரும்பி வந்து மேசைக்கு எதிரே நின்றாள்.

"உங்க மூக்குக்கண்ணாடி எங்க, ஷெல்பி?"

கைகள் நின்றன.

"எந்தக் கண்ணாடி?"

"அது இல்லாம படி இறங்க முடியாதுன்னு எழுதி வச்சிருக்காங்களே, அது. பிப்ரவரி பதினொண்ணு வரைக்கும் நீங்க கழட்டவே இல்ல. பன்னிரண்டுலேருந்து போடவே இல்ல. தலை சுத்துதுன்னு சொல்லியிருக்கீங்க. நல்ல கண்ணு இருக்கறவங்க கனமான கண்ணாடி போட்டா தலை சுத்தத்தான் செய்யும்."

ஒரு ட்ரையர் வேலை முடிந்து பீப் அடித்தது. ரெமியின் கையிலிருந்து விரிப்பு நழுவித் தரையில் விழுந்தது.

"என்னைத் திரும்ப அங்கயே அனுப்பிடுவீங்களா?" என்றாள் அவள். குரல் அவ்வளவு சின்னதாக இருந்தது.

"யாரும் அனுப்ப மாட்டாங்க. உங்க பேர் என்னன்னு மட்டும் சொல்லுங்க."

"அதைச் சொன்னப்போ எல்லாம் ஊசி போட்டாங்க."

"என்கிட்ட ஊசி இல்ல. இவன்கிட்ட இருக்கறது மோசமான ஜோக் மட்டும்தான்."

அவள் கதவைப் பார்த்தாள். பிறகு தன் கைகளைப் பார்த்தாள். பதினேழு தடவை சொன்ன பெயரைப் பதினெட்டாவது தடவையாக, ஒவ்வொரு எழுத்துக்கும் அடி விழும் என்று எதிர்பார்க்கிறவள் மாதிரிச் சொன்னாள்.

"ட்ரினா. ட்ரினா கோல்பர்ன்."

* * *

ரெமி நாற்காலி கொண்டுவந்து போட்டான். கடைக் கதவில் 'மூடியிருக்கிறது' அட்டையைத் திருப்பி வைத்தான். ட்ரினா பேசினாள். இரண்டு வருடம் அடைத்து வைத்த பேச்சு முதலில் துண்டு துண்டாகவும், பிறகு நிறுத்த முடியாமலும் வந்தது.

"ஷெல்பி கட்டில் ஜன்னல் பக்கம். ஜன்னல் கண்ணாடில விரிசல், உள்ள பனிக்காத்து. அவளுக்கு இருமல். பத்தாந்தேதி நான்தான் சொன்னேன், நீ என் கட்டில்ல படு, சுவர் பக்கம் கதகதப்பா இருக்கும்னு. மறுநாள் குளிக்கறதுக்கு, பேர் எழுதின கைப்பட்டையை வெட்டி எடுத்தாங்க. எங்க ரெண்டு பேருதும். அன்னிக்கு வந்த உதவியாளு புதுசு. அவங்க கையில கட்டில் நம்பர் போட்ட பட்டியல் இருந்துது. எந்தக் கட்டில்ல யாரு இருந்தாலும், பட்டியல்ல அந்தக் கட்டிலுக்கு இருந்த பேரைக் கட்டிட்டுப் போயிட்டாங்க."

"நீங்க சொல்லலியா?"

"சொன்னோம். சிரிச்சுட்டே சொன்னோம். ஷெல்பி, 'இன்னிக்கு நான் ட்ரினா, எனக்கு ஒரு அம்மா உண்டு'ன்னா. சாயங்காலம் நர்ஸ் வந்து மாத்துவாங்கன்னு சொன்னாங்க. நர்ஸ் வந்தாங்க. கைப்பட்டையைப் படிச்சாங்க. என் மருந்தை அவளுக்குக் குடுத்தாங்க." அவள் ஸ்வெட்டர் நுனியை வாயில் கடித்துக்கொண்டாள். "அவளுக்கு இதயம் பலவீனம். அந்த மருந்து அவளுக்கு ஆகவே ஆகாது. ஷெல்பி கண்ணாடியைக் கழட்டி வச்சிருந்தா. அது என்ன மாத்திரைன்னு அவளுக்குத் தெரியல. நான் ஜன்னல் பக்கம் முதுகைக் காட்டிட்டுப் படுத்திருந்தேன். திரும்பிப் பாத்திருந்தா..."

வெர்னா அவள் கையைப் பிடித்தாள். சுருக்கெழுத்துக்காரி இருபத்தாறு வருடமாகச் செய்யாத காரியம் அது.

"காலையில செத்தவ கையில என் பேர். என் கையில அவ பேர். நான் ட்ரினான்னு சொன்னா, பாவம், அதிர்ச்சின்னாங்க. கத்தினா வெறின்னாங்க. அழுதா மருந்து. கடைசியில எனக்குப் புரிஞ்சுது. வெளிய போகணும்னா ட்ரினா செத்தவளாவே இருக்கணும். கையெழுத்து போட்டேன். ஷெல்பியோட கம்பளிச் சட்டையையும் கண்ணாடியையும் குடுத்து அனுப்பினாங்க."

"அம்மாகிட்ட நேரா போயிருக்கலாமே?" என்றான் ரெமி. கேலி இல்லாத குரல் அவனுக்கே புதிதாக இருந்தது.

"பதினோரு வருஷமா அம்மாவும் நானும் பேசிக்கல. வாய்ச்சண்டை. நான் சொன்ன வார்த்தைக்கு அவங்க மன்னிக்க வேண்டிய அவசியமே இல்ல. போன் பண்ணினேன். பட்டன்னு சொன்ன உடனே அவங்க கத்தின கத்தல்... நான் நிஜமாவே பேய்தானோன்னு ஆயிடுச்சு." அவள் மேசையில் அடுக்கியிருந்த துணிகளைப் பார்த்தபடி சொன்னாள். "கடையில யாராவது 'ஷெல்பி'ன்னு கூப்பிட்டா, முதல்ல அவ திரும்பறா மாதிரி இருக்கும். அவ திரும்பினதுக்கு அப்புறம்தான் நான் திரும்புவேன்."

வெர்னாவுக்கு அந்த அரை நொடி நினைவு வந்தது.

ரெமி மெல்லக் கேட்டான். "பாஸ், உடம்பை யாருமே பாக்கலியா? பெத்தவளைக் கூட்டிட்டு வந்து காட்ட மாட்டாங்களா?"

"நெடுஞ்சாலை நாலு நாள் மூடியிருந்துது. போன்லயே சம்மதம் வாங்கி எரிச்சாங்க. சாம்பலைப் பெட்டியில போட்டு ஃப்ளோரிடாவுக்கு அனுப்பிட்டாங்க" என்றாள் வெர்னா.

* * *

வெர்னா கடைக்கு வெளியே பனியில் நின்று டெல்ஃபினுக்கு போன் செய்தாள். எல்லாவற்றையும் சொன்னாள்.

"இரண்டு வருஷமா" என்றாள் டெல்ஃபின் கடைசியில், "இந்தக் கேஸ்ல ஒவ்வொரு பக்கத்துலயும் 'இறந்த ட்ரினா'ன்னு எழுதியிருக்கோம்."

"கேஸ் போச்சா?"

"மகள் செத்ததுக்கு நஷ்டஈடு கேட்ட கேஸ். மகள் துணி மடிச்சிட்டிருக்கா. போச்சு."

ரெமி வெர்னாவின் தோளுக்கு மேல் எட்டிப் பேசினான். "வாயை மூடிட்டு இருந்துட்டா?"

"ரெமி, அந்த வேலைக்கு நான் மொன்டானா வரைக்கும் வர வேண்டியதில்ல. பிலடெல்பியாலயே செய்யலாம்."

"சும்மா கேட்டேன்."

"செத்தவ ஒருத்தி நிஜமா இருக்கா, டெல்ஃபின்" என்றாள் வெர்னா. "அவளுக்காக அழறதுக்குக்கூட ஒருத்தருமில்ல. நெருங்கிய உறவு: இல்லைன்னு கோப்புலயே போட்டிருக்கு. அதனாலதான் தப்பு நடந்ததும் யாரும் தேடல."

மறுமுனையில் பேனா மூடி திறக்கும் சத்தம் மட்டும் கேட்டது.

"ட்ரினா சொந்த ஊர்ல எந்தப் பல் டாக்டர்கிட்ட காட்டினான்னு கேளுங்க. பழைய பல் எக்ஸ்ரேதான் அவ யாருன்னு நிரூபிக்கும், ஞாயித்துக்கிழமையானாலும் அவரைப் பிடிச்சாகணும். அப்புறம், அம்மாகிட்ட யார் சொல்றது?"

உள்ளே ட்ரினா ஏற்கெனவே எழுந்து சுவர் போனின் முன் நின்றிருந்தாள். கையில் காசு. போடவில்லை. ரெமி அருகில் போய், "நான் வேணா சுத்தட்டுமா?" என்றான். அவள் தலையாட்டி மறுத்துவிட்டு, தானே போட்டாள்.

"மாம். போனை வைக்காதே. தயவுசெஞ்சு வைக்காதே. பக்கத்துல உன் வக்கீலோட ஆளு இருக்காங்க. நான் பேய் இல்ல."

அதற்குப் பின் வெர்னாவும் ரெமியும் முதுகைத் திருப்பிக்கொண்டார்கள். ரெமி தரையில் கிடந்த விரிப்பை எடுத்து, நான்கு மூலையும் சரியாகச் சேர்த்து, மடித்து வைத்தான். வெகுநேரம் அழுகைச் சத்தம். இடையிடையே ஒரு சிரிப்பு மாதிரி ஏதோ. பிறகு ட்ரினாவின் குரல் மாறியது.

"என்னம்மா? ... என்ன பெட்டி? ..."

அவள் வாயைப் பொத்திக்கொண்டு வெர்னாவைப் பார்த்தாள்.

"அம்மா கேக்கறாங்க" என்றாள். "அப்போ எங்க வீட்டு அலமாரில இருக்கறது யாருன்னு."

* * *

திங்கட்கிழமை ஒன்பது மணிக்கு நீதிமன்ற அறையில் ஹீட்டர் டக் டக்கென்று அடித்துக்கொண்டிருந்தது. எதிர்த்தரப்பு மேசையில் இடம் போதாமல் எட்டு வக்கீல்களில் மூவர் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். இந்தப் பக்க மேசையில் ஸ்டென்ஸ்ருட், கையில் இருமல் மிட்டாய். பக்கத்தில் டெல்ஃபின், ஊர்க் கடையில் வாங்கிய முழங்கால் உயர பூட்ஸ் போட்டுக்கொண்டு.

பின்னால் ட்ரினா உட்கார்ந்திருந்தாள். அவள் கையை இறுகப் பிடித்தபடி ஐரீன் கோல்பர்ன். அறுபத்தெட்டு வயது, பனிக்குப் பொருந்தாத மெல்லிய கோட்டு. ஞாயிறு பிற்பகல் பில்லிங்ஸ் விமான நிலையத்தில் இறங்கியவளை ரெமிதான் போய் அழைத்து வந்தான். வழி நெடுக அவன் ஒரு ஜோக்கும் அடிக்கவில்லை என்று வெர்னாவிடம் பெருமையாகச் சொன்னான். ஐரீனின் மடியில் ஒரு துணிப்பை. அதை அவள் விமானத்திலும் மடியிலேயே வைத்திருந்தாளாம்.

பல் மருத்துவரின் கடிதத்தை ஸ்டென்ஸ்ருட் சமர்ப்பித்தார். பிப்ரவரி பதினொன்றாம் தேதி, இரு புதிய கைப்பட்டைகள் 'கட்டில் பட்டியல்படி' வழங்கப்பட்டதாக மையமே எழுதி வைத்த பக்கத்தையும் சேர்த்துக் கொடுத்தார். அது நோயாளிகள் கோப்பில் இல்லை. வழக்குக்காக முன்பே வாங்கிய காகிதங்களில், குளியல் துண்டோடு கைப்பட்டையும் கணக்கெழுதும் சலவை அறைப் பதிவேட்டில் இருந்தது. அங்கே தேட வேண்டும் என்று வெர்னாவுக்குத்தான் தோன்றியது.

நீதிபதி ஆமுண்ட்சன் இரண்டையும் இரண்டு முறை படித்தார். பிறகு கண்ணைத் தூக்கி ட்ரினாவை நீண்ட நேரம் பார்த்தார்.

எதிர்த்தரப்பின் மூத்த வக்கீல் க்ரேடன் எழுந்தார். "கனம் நீதிபதி அவர்களே, வருத்தமான குழப்பம்தான். ஆனா மரணமே இல்லாதப்போ வழக்கு இல்ல. வழக்கே இல்லாதப்போ வெளி மாநில வக்கீலுக்கு இங்க என்ன வேலை? இந்த அம்மாவுக்கு நம்ம மாவட்டத்துல யாரைத் தெரியும்?"

டெல்ஃபின் எழுந்தாள். "அவர் சொல்றது சரிதான். எனக்கு இங்க யாரையும் தெரியாது. ஷெல்பி வேட் ஓக்லஹோமாலேருந்து வந்தவ. அவளுக்கும் இங்க யாரையும் தெரியாது. அதனாலதான் அவ செத்ததே யாருக்கும் தெரியாம போச்சு. ட்ரினா கோல்பர்ன் சார்பா புது வழக்கு போட்டிருக்கோம், நாற்பத்தொரு நாள் அடுத்தவ பேர்ல அடைச்சு வச்சதுக்கு. இன்னொரு மனுவும் இருக்கு. ஷெல்பியோட மரணத்துக்காக வழக்காட, அவ சார்பா ஒருத்தரை நியமிக்கணும்னு."

"அவளுக்குத்தான் உறவே இல்லைன்னு அவங்க மனுவுலயே இருக்கு" என்றார் க்ரேடன், உட்காராமலே.

நீதிபதி காகிதத்தைப் புரட்டினார். "மனுதாரர் ஐரீன் கோல்பர்ன். எழுந்திருங்க அம்மா."

ஐரீன் பையை மார்போடு அணைத்தபடி எழுந்தாள். ட்ரினாவும் கூடவே எழுந்து அவள் முழங்கையைத் தாங்கிக்கொண்டாள். சுருக்கெழுத்தாளரின் விரல்கள் விசைகளின் மேல் காத்திருந்தன. வெர்னா தன் விரல்களும் மடியில் காத்திருப்பதைக் கவனித்தாள்.

"ஷெல்பி வேட்டை நீங்க உயிரோட பாத்திருக்கீங்களா?"

"இல்லைங்க."

"பேசியிருக்கீங்களா?"

"தினம் பேசுவேன். காலையில காபி போட்டதும் பக்கத்துல உக்காந்து பேசுவேன். அவ பேர் தெரியாம வேற பேர் சொல்லிக் கூப்பிட்டேன். அவ ஒண்ணும் கோவிச்சுக்கல."

க்ரேடன் வாயைத் திறந்தார். நீதிபதி ஒரு விரலைத் தூக்கினார். க்ரேடன் வாயை மூடிக்கொண்டார்.

"பதிவுக்காகக் கேக்கறேன் அம்மா" என்றார் நீதிபதி, குரலைத் தணித்து. "இறந்தவங்களுக்கு நீங்க என்ன உறவு?"

ஐரீன் பையைக் குனிந்து பார்த்தாள்.

"ரெண்டு வருஷமா என் வீட்ல இருக்கா, ஐயா."